மார்கழிக் குளிரும் மனித உடலும்

அரசர்கள் முதல் நூலைத் திறந்த உடனேயே ஒரு முதியவரைக் காண்கிறோம். கோலியாத்தை ஒரு கூழாங்கல்லால் வீழ்த்திய தாவீதுதான் அவர். ஆனால் இப்போது வயது முதிர்ந்து, படுக்கையே கதியெனக் கிடக்கிறார். போர்வை மேல் போர்வையாகப் போர்த்துகிறார்கள். அவருக்கோ சூடு பிறக்கவில்லை. அரண்மனையில் போர்வைக்கா பஞ்சம்? பின் ஏன் அந்த உடல் குளிர்ந்து கிடந்தது? இறுதியில் இன்னொருவரின் உடற்சூடுதான் அவருக்கு மருந்து என்று அவருடைய ஊழியர் முடிவு செய்தனர். மறைநூலை வாசிக்கும்போது இப்பகுதியை நாம் விரைவாகக் கடந்துவிடுகிறோம். மலைநாட்டுப் பங்கு ஒன்றில் பணியாற்றிய ஆண்டுகளில்தான் அதன் பொருள் நமக்கு விளங்கியது.

போர்வை சூட்டை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் சூட்டை வெளியே போகவிடாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. உள்ளே அடுப்பு அவிந்திருந்தால், மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் பயன் சிறிதே. இந்த ஓர் உண்மையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்குமானால், மார்கழி தை மாதங்களில் தவிர்க்கக்கூடிய சாவுகள் சில தவிர்க்கப்படும். அந்த நம்பிக்கையே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாம் குறிப்பிடும் பங்கு நீலகிரி மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்தது. அங்கே கோயிலின் இறப்புப் பதிவேட்டை எழுதும் பொறுப்பு நம்முடையது. அதில் இறப்பின் காரணத்தைக் குறிக்க ஒரு பத்தி உண்டு. குளிர்கால மாதங்களின் பக்கங்களைப் புரட்டும்போது, 'முதுமை', 'குடி', 'மூன்று நாட் குழந்தை' என்னும் சொற்களே திரும்பத் திரும்ப வரக் கண்டோம். குளிர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. திருடன் வந்து போன வீட்டில் அவன் பெயரை எவரும் அறியாதது போல, குளிரும் பிறருடைய பெயர்களில் மறைந்துகொண்டு உயிர்களைக் கவர்ந்து சென்றிருக்கிறது. தோட்ட மருத்துவமனையில் பணியாற்றிய அருட்சகோதரி ஒருவரே இதனை நமக்கு முதன்முதலில் எடுத்துரைத்தவர்.

நலமாயுள்ள மனிதனின் உள்ளுடல் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். பழைய பாரன்ஹீட் கணக்கில் 98.6. இவ்வெப்பம் ஏறினால் காய்ச்சல் என்கிறோம். உடனே கைவைத்தியமோ மருத்துவரோ தேடுகிறோம். அது இறங்கினால் என்ன பெயர் என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். 35 டிகிரிக்குக் கீழே உள்ளுடல் வெப்பம் இறங்குவதை மருத்துவர்கள் தாழ்வெப்பநிலை என்பர். நம் மக்கள் 'உடம்பு சில்லிட்டுப் போயிற்று' என்று சொல்வதும் இதனையே. 32 டிகிரி வரையில் அது தொடக்க நிலை. அதற்குக் கீழே 28 வரையில் நடுத்தர நிலை. 28-க்கும் கீழே கடும் நிலை. வீடுகளில் நாம் வைத்திருந்த பழைய பாதரச வெப்பமானியோ 35 டிகிரியில்தான் தொடங்குகிறது. காய்ச்சலை அளப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது. எனவே ஆபத்து தொடங்குமிடத்தில் அக்கருவி ஊமையாகிவிடுகிறது.

உடலிலிருந்து சூடு நான்கு வழிகளில் வெளியேறுகிறது. அனல் அடுப்பிலிருந்து வெப்பம் பரவுவது போல நம் தோலிலிருந்தும் வெப்பம் சுற்றிலும் பரவிப் போகிறது. குளிர்ந்த தரையையோ சுவரையோ தொடும்போது அதற்குள் பாய்கிறது. காற்று வீசும்போது, தோலை ஒட்டியுள்ள வெதுவெதுப்பான காற்றை அது அடித்துச் சென்றுவிடுகிறது. நனைந்த உடலும் உடையும் உலரும்போது, அந்த ஈரம் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை நம் உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இவற்றுள் ஈரமே பெரும் பகைவன். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் விடியுமுன் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். கடலில் விழுந்தவர்களுள் மிகப் பலர் மிதவைச் சட்டை அணிந்திருந்தனர், அவர்கள் மூழ்கவில்லை. உறைநிலைக்கும் கீழே இருந்த நீர் அவர்களின் உடற்சூட்டைப் பறித்தே கொன்றது.

'இதெல்லாம் பனி பெய்யும் தேசத்துக் கதை, சாமி, நமக்கென்ன?' என்று கேட்கலாம். பனி பெய்ய வேண்டியதில்லை. மழையும் காற்றும் ஈர உடையும் களைப்பும் பசியும் ஒன்று சேர்ந்தால், 10 டிகிரி, 15 டிகிரி வெப்பநிலையிலும் உடல் சில்லிட்டுப் போகும். உதகையில் மார்கழி இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கி, புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதை நீலகிரி மக்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். ஆனால் அங்கே தென்மேற்குப் பருவமழை நாட்களும் அதற்கு இளைத்தவை அல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இத்தகைய மழைக்காலங்களில், தோளில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் தாய்மாரின் ஈரச் சேலை மாலைவரை உடலிலேயே கிடக்கிறது. பனிப்பாறைகளைக் கண்டிராத அவர்களும் இந்த ஆபத்தின் எல்லைக்குள்தான் வாழ்கிறார்கள்.

உடல் வலிமையுள்ளோருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு என்றும் எண்ணற்க. 2024 ஜூன் மாதத்தில், அதாவது நம் ஊர்களில் வெயில் இன்னும் தணியாத வேளையில், உத்தரகாண்டின் சகஸ்திரதால் ஏரிக்கு மலையேறச் சென்ற கருநாடகக் குழுவினர் கடும் பனிப்புயலில் சிக்கினர். அவர்களுள் ஒன்பது பேர் உயிரிழந்தனர். மலையேற்றத்தில் பழக்கமும் ஆர்வமும் உடையவர்களையே குளிர் சில மணி நேரத்தில் வீழ்த்த முடியுமானால், நம் வீட்டு மூலையில் சுருண்டு கிடக்கும் பலவீனரின் நிலை என்ன?

அந்தப் பலவீனர் யார் யார் என்று இனிப் பார்ப்போம்.

முதலிடம் பச்சிளங் குழந்தைக்கு. கருவறையின் வெதுவெதுப்பில் பத்து மாதம் இருந்த சிசு, நனைந்த உடலோடு இவ்வுலகிற்கு வருகிறது. அதன் எடைக்கு அதன் தோற்பரப்பு மிக அதிகம். எனவே சூடு விரைந்து வெளியேறும். பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு பிறப்பிக்கவும் அதற்குத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் வேறு சில இடங்களிலும் இறைவன் வைத்துள்ள ஒருவகைப் பழுப்புக் கொழுப்பை எரித்தே அது தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் அச்சேமிப்பும் இல்லை. துடைத்துப் போர்த்தாமல் விட்டால், பிறந்த முதல் 10, 20 நிமிடங்களிலேயே குழந்தையின் வெப்பம் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். ஆதலால் சிசுக்களைப் பொறுத்தவரை 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அது தாழ்வெப்பநிலை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது.

குழந்தை பிறந்தவுடன் குளிப்பாட்டித்தான் தாயிடம் கொடுக்க வேண்டும் என்பது நம் பாட்டிமார் பலரின் பிடிவாதம். அன்பினால் எழுந்த பழக்கமே, ஆயினும் ஆபத்தானது. முதற்குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. உலர்ந்த துணியால் உடனே துடைத்து, ஈரத் துணியை அகற்றி, தலைக்குக் குல்லாய் அணிவித்து, தாயின் வெறும் மார்போடு சேர்த்து வைத்துப் போர்த்த வேண்டும். தாய்ப்பாலும் உடனே தர வேண்டும். 1978-ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் குறைமாதக் குழந்தைகளுக்கான கருவிகள் போதாமல் போயின. அங்கு எட்கர் ரேய் என்னும் மருத்துவர், கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போலத் தாய்மாரின் மார்பிலேயே குழந்தைகளைக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். ஏழ்மையில் பிறந்த அம்முறை இன்று உலகம் முழுவதும் போற்றப்படுகிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடைபெற்று 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்போடு சேர்த்ததால், உயிரிழப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாயால் இயலாதபோது தந்தையும் பாட்டியும் இப்பணியைச் செய்யலாம். தாவீதின் ஊழியர் கண்ட மருந்தை, விஞ்ஞானம் வேறொரு வழியாக மீண்டும் கண்டிருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அடுத்து முதியோர். வயது ஏற ஏறத் தசை குறைகிறது. உண்ணும் அளவும் குறைகிறது. ஆகவே உள்ளே பிறக்கும் சூடும் குறைகிறது. குளிரை உணரும் திறனே மங்கிவிடுவதால், 'எனக்குக் குளிரவில்லை' என்று அவர்கள் சொல்வதை நம்பிவிடலாகாது. நீரிழிவு, கழுத்துச் சுரப்பிக் குறைவு, பக்கவாதம் ஆகிய நோய்களும், தூக்கத்திற்கும் மனநோய்க்கும் தரப்படும் சில மருந்துகளும் இந்நிலையை மேலும் மோசமாக்கும்.

ஒரு தை மாதத்து அதிகாலையில், தோட்டத்து லைன் வீடொன்றிலிருந்து நோயிற்பூசுதல் அளிக்க வருமாறு அழைப்பு வந்தது. மேற்சொன்ன அருட்சகோதரியும் உடன் வந்தார். எழுபதைக் கடந்த பாட்டி ஒருவர், சிமெண்டுத் தரையில் ஒரு பாயின் மேல் கிடந்தார். 'ராத்திரியெல்லாம் நடுங்கிச்சு சாமி. இப்போ நடுக்கம் நின்னு நல்லா தூங்குது. எழுப்பினா ஏதோ உளறுது. காலம் வந்திடுச்சு' என்றான் மகன். நாம் திருவெண்ணெயைக் கையிலெடுத்தோம். சகோதரியோ பாட்டியின் கையைத் தொடாமல், சட்டைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். 'சாமி, வயிறே சில்லென்று இருக்கிறது. இது தூக்கமில்லை' என்றார். நடுக்கம் நின்றது நலத்தின் அடையாளமன்று, நடுங்குவதற்கும் வலுவற்றுப் போனதன் அடையாளம் என்று அப்போது அறிந்தோம். பூசுதலை நிறைவேற்றினோம், அதே வேளையில் மருமகள் பாட்டியை அசையாமல் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, ஈரம் தோய்ந்த சேலையை மாற்றினாள். வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பருகிலும் வைத்தார்கள். பின்னர் தோட்டத்து ஜீப்பில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அந்தப் பாட்டி அடுத்த இரண்டு பாஸ்காத் திருநாட்களிலும் கோயிலில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

மூன்றாவதாகக் குடிப்பவர்கள். 'குளிருக்கு இதமாக ஒரு மடக்கு' என்பது மலைநாட்டில் வேதவாக்கு. உண்மை நேர்மாறானது. மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. சூடான இரத்தம் மேற்பரப்புக்கு வருவதால் உடல் இதமாய் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் உள்ளே இருக்க வேண்டிய சூடே அவ்வாறு வெளியே கொட்டப்படுகிறது. நடுக்கமும் அடங்கிவிடும், அறிவும் மங்கிவிடும். சம்பள நாளிரவில் மழையில் வழிதவறி, தேயிலைச் செடிகளுக்கிடையே விழுந்து, விடியலில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்ட ஒருவரை நாம் அடக்கம் செய்திருக்கிறோம். 'குடித்தே செத்தான்' என்று ஊர் பேசியது. அவருடைய மனைவி நம்மிடம் வந்து, 'அவர் அன்று அதிகம் குடிக்கவில்லை சாமி' என்று மீண்டும் மீண்டும் சொன்னார். அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். நனைந்த உடையோடு மலையில் ஓர் இரவு கிடப்பதற்கு முன், சிறிதளவு மதுவும் போதுமானதே. இதை விளக்கியபோது அந்த அம்மாளின் துயர் நீங்கவில்லை. ஆனால் அவமானம் சற்றுக் குறைந்தது.

இவர்களோடு, அரைவயிற்றுக் கஞ்சி குடிப்போர், சாலையோரத்தில் உறங்குவோர், மனநலம் குன்றித் திரிவோர், வெள்ளத்தில் அகப்பட்டோர், கடலில் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு பல மணி நேரம் மிதக்கும் மீனவர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் கடல் நீர் வெதுவெதுப்பானதே. ஆயினும் அது உடலைவிடக் குளிர்ந்தது என்பதால், நேரம் செல்லச் செல்ல வலிமையைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்ளும்.

அறிகுறிகள் எவை? முதலில் நடுக்கம், விரல்கள் மரத்துப் பொத்தான் போட இயலாமை, தடுமாறும் நடை, குழறும் பேச்சு, காரணமற்ற எரிச்சல் அல்லது மந்தம். குழந்தையாயின் பால் குடிக்க மறுக்கும், அழுகை மெலியும், கை கால்களோடு வயிறும் குளிர்ந்திருக்கும். கடும் நிலையில் சிலர் தங்கள் உடைகளையே களைந்தெறிவதுண்டு. சுருங்கியிருந்த இரத்தக் குழாய்கள் திடீரென்று விரிவதால் உடல் தீப்போல் எரிவதாக அவர்களுக்குத் தோன்றும் என்று மருத்துவர் விளக்குகின்றனர். இதைக் கண்டு பேய் பிடித்தது என்றோ, குடிவெறி என்றோ, மானக்கேடு நேர்ந்தது என்றோ முடிவு கட்டுவது பெரும் அநியாயம்.

செய்ய வேண்டியது யாது? காற்றும் மழையும் படாத இடத்திற்குக் கொண்டு செல்க. ஈர உடையை அகற்றி உலர்ந்ததை உடுத்துக. கீழேயும் தடித்த விரிப்பு இடுக. தரை மேற்காற்றைவிட விரைவாகச் சூட்டை உறிஞ்சும். தலையை மூடுக. கை கால்களுக்கு முன் மார்பையும் கழுத்தையும் அக்குளையும் சூடாக்குக. விழிப்போடிருந்து விழுங்க இயன்றால் மட்டும் சர்க்கரை கலந்த சூடான பானம் தருக. படுத்த நிலையிலேயே மெல்லத் தூக்கிச் செல்க. குளிர்ந்த இதயம் சிறு அதிர்ச்சியாலும் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அனுப்புக.

செய்யக்கூடாதவையும் உண்டு. கை கால்களைப் பரபரவென்று தேய்க்கலாகாது. மது தரலாகாது. கொதிநீரிலோ தீயருகிலோ திடீரென்று வைக்கலாகாது. செபஸ்தே நகரின் நாற்பது மறைச்சாட்சிகளை உறைந்த ஏரியில் நிறுத்தியபோது, மனந்தளர்ந்த ஒருவன் கரையிலிருந்த வெந்நீர்க் குளியலறைக்கு ஓடினான், அங்கே நுழைந்ததும் மாண்டான் என்பது மரபு. 1812-இல் நெப்போலியனின் படை உருசியாவிலிருந்து பின்வாங்கியபோது, குளிரில் விறைத்தவர்கள் தீயை மிக நெருங்கியதால் தீங்குற்றதை அப்படையின் அறுவை மருத்துவர் லார்ரே கண்டு எழுதினார்.

கணப்புச் சட்டியைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். கதவு சன்னலை அடைத்துவிட்டு, கரி கனலும் சட்டியை அறைக்குள் வைத்து உறங்குவது மலைநாட்டில் இன்றும் மறையாத வழக்கம். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் உறங்கியபடியே மடிவர். 2022 சனவரியில் பாகிஸ்தானின் முர்ரே மலையில், பனியில் சிக்கிய ஊர்திகளுக்குள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குளிரோடு இவ்வாயுவும் சிலரைக் கொன்றதாக அறிவிக்கப்பட்டது. குளிருக்குத் தப்ப எண்ணி நஞ்சுக்கு இரையாக வேண்டாம்.

இன்னுமொன்று. சில்லிட்டவரின் நாடி கைக்கு அகப்படாமலே போகலாம், மூச்சும் தெரியாதிருக்கலாம். அதனாலேயே அவசரப்பட்டுச் சாவு மணி அடிக்கச் சொல்லிவிட வேண்டாம். 1999 மே மாதத்தில் நார்வே நாட்டில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பனிச்சறுக்கின்போது ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் விழுந்து, 80 நிமிடங்கள் குளிர்நீரில் அகப்பட்டுக் கிடந்தார். அவருடைய இதயம் நின்றுவிட்டது; உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது. மருத்துவர்கள் கைவிடவில்லை, அவருடைய இரத்தத்தை இயந்திரத்தின் வழியே செலுத்திச் சூடேற்றினர். அவர் பிழைத்தார், பின்னர் மருத்துவப் பணிக்கும் திரும்பினார். குளிர்ந்த மூளைக்கு உயிர்வளி குறைவாகவே போதும் என்பதே இதன் இரகசியம். சூடேற்றிப் பார்த்த பின்னரும் உயிர் திரும்பாதபோதே இறப்பை உறுதி செய்ய வேண்டும் என்பது மருத்துவ உலகின் நெறி.

பங்குகளுக்கும் இதில் கடமை உண்டு. திருமுழுக்குச் சடங்குநூலே, தட்பவெப்பநிலை வேண்டினால் தண்ணீரை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கலாம் என்று அனுமதிக்கிறது. குளிர்நாட்களில் இதனைக் குருக்களிடம் கேட்பதற்குப் பெற்றோர் கூச வேண்டியதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவன்று கம்பளி வழங்குவது நம் நற்பழக்கம்; அது தொடரட்டும். ஆனால் போர்வையைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு கடன் தீர்ந்தது என்று எண்ணலாகாது. வெறும் வயிற்றின் மேல் போர்த்திய கம்பளியால் பயனில்லை. இரவு உணவு சென்று சேர்ந்ததா, படுக்கை தரையிலா கட்டிலிலா, கூரை ஒழுகுகிறதா, மாற்றுச் சேலை உண்டா என்று பார்த்து வருவதே மெய்யான ஈகை.

நாம் அம்மலைப் பங்கில் பிற்காலத்தில் ஓர் ஏற்பாடு செய்தோம். தனித்து வாழும் முதியோரின் பட்டியலை அன்பியந்தோறும் எழுதிக்கொண்டோம். மார்கழி, தை இரு மாதங்களிலும், மாலைச் செபம் முடிந்ததும் இளைஞர் இருவர் அவ்வீடுகளுக்குச் சென்று ஒரு தம்ளர் சூடான கஞ்சி கொடுத்துவிட்டு வர வேண்டும்; அதிகாலையிலும் ஒருமுறை கதவைத் தட்ட வேண்டும். செலவு சொற்பமே. உங்கள் தெருவிலும் அத்தகைய கதவு ஒன்று இருக்கும். இன்று மாலையே அதைத் தட்டிப் பாருங்கள். 'குளிரவில்லை' என்று உள்ளிருந்து குரல் வந்தாலும், உள்ளே சென்று கையைத் தொட்டுப் பார்த்துவிட்டே திரும்புங்கள்.